கார்ட்ரிட்ஜை விட்டுச் சவரக் கத்திக்கு மாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கார்ட்ரிட்ஜ் ரேசரில் வருடக்கணக்காக ஷேவ் செய்த கைக்கு ஒரு குணம் வந்துவிடும்: அழுத்தும். மழுங்கிப்போன கார்ட்ரிட்ஜை இன்னும் ஒரு வாரம் ஓட்டுவதற்காக எல்லோரும் அப்படித்தான் அழுத்திப் பழகியிருக்கிறோம். அதன் தலை முகத்துக்கு ஏற்ப ஆடிக்கொடுக்கும், பிளேடுக்கு முன்னால் ரப்பர் பட்டை இருக்கும். அதனால் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். மடக்கு சவரக் கத்தியில் இரண்டுமே இல்லை. கோணத்தையும் அழுத்தத்தையும் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக மாறுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் ஒன்று தெரிந்தது. முகத்தில் கத்தியை வைத்த பிறகு செய்யும் தவறைவிட, வைப்பதற்கு முன்னால் செய்துவிட்ட தவறுகள்தான் அதிகம் படுத்துகின்றன. கூர் வராத கத்தி, விளிம்பை நிமிர்த்தும் தோல் வாரில் அதைத் தப்பாக இழுத்தது, காய்ந்துபோன நுரை என்று இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் முகம் எரியும். அதனால் கீழே பாதி வேலை முகத்துக்கு வெளியேதான் நடக்கிறது. வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. உங்களுக்கு இது சரிப்படுமா?

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், சின்னக் காயம்கூடத் தடித்த தழும்பாக வளரும் உடல்வாகு உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம். முகத்தில் பழுத்த பருக்கள் இருந்தால் அவை ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் நேரம். முதல் மாதத்தில் ஒரு ஷேவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திங்கட்கிழமை காலை ஆபீஸ் அவசரத்தில் இதைத் தொடங்கக் கூடாது. வீட்டு விசேஷத்துக்கோ நேர்காணலுக்கோ முந்தின நாள் கண்டிப்பாகக் கூடாது. சனி அல்லது ஞாயிறு, வேறு வேலை இல்லாத நேரமாகப் பாருங்கள்.

2. எந்தக் கத்தி?

இரண்டு வகை இருக்கிறது. சலூனில் இரட்டை முனை பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகுகிறார்களே, அது ஒன்று. ஷேவெட் என்று விற்கிறார்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தீட்ட வேண்டாம், பிளேடை மாற்றினால் போதும். இன்னொன்று, முழு எஃகு அலகு உள்ள பழைய முறைக் கத்தி. விலை பல ஆயிரம் ரூபாய். வாரில் இழுக்க வேண்டும், எப்போதாவது கல்லில் தீட்ட வேண்டும்.

மலிவாக இருக்கிறதே, ஷேவெட்டில் பழகிவிட்டு அப்புறம் நிஜக் கத்திக்குப் போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது தலைகீழ் வரிசை. ஷேவெட் எடை குறைவு, அதனால் கை தானாக அழுத்தப் பார்க்கும். ஒடித்த பிளேடின் இரண்டு மூலைகளும் கூராக இருக்கும், எந்த மூலை தோலில் படுகிறது என்று கைக்குத் தெரிவதற்குள் கீறிவிடும். சலூன்காரர் கையில் அது சரளமாக ஓடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர் தினமும் பத்து முகம் பார்க்கிறவர். இந்த முறை பிடிக்குமா என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ள மட்டும் ஷேவெட் வாங்கலாம். ஆனால் அது கடினமாக இருப்பதை வைத்து நிஜக் கத்தியை எடைபோடாதீர்கள்.

நிஜக் கத்தி வாங்கினால் அகலம் 5/8 அங்குலம் அல்லது 6/8 அங்குலம், அதாவது சுமார் 16 அல்லது 19 மில்லிமீட்டர். அதைவிடக் குறுகலானது கையில் நிலையாக நிற்காது, அதைவிட அகலமானது மூக்குக்குக் கீழே போகாது. நுனி வட்டமாக இருக்கட்டும். சதுர நுனி மீசை ஓரத்தை ஒழுங்குபடுத்த நன்றாக இருக்கும், ஆனால் அதே நுனிதான் காது மடலையும் கன்னத்தையும் குத்தும்.

எஃகில் கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் இரண்டும் உண்டு. கார்பன் ஸ்டீலைச் சுலபமாகத் தீட்டிவிடலாம், ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊரில் இருக்கிறவர், துடைத்து எண்ணெய் போடும் பழக்கம் இல்லாதவர் என்றால் ஸ்டெயின்லெஸ் எடுப்பது நிம்மதி. ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய ஊர்களில் இன்றும் நல்ல கத்திகள் செய்கிறார்கள். ஆன்லைனில் 500 ரூபாய்க்குப் பளபளவென்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உருவத்தில் மட்டும்தான் கத்தி. அந்த எஃகில் கூர் நிற்காது.

வாங்கும்போது விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “முகத்தில் வைக்கிற அளவுக்குக் கையால் கல்லில் தீட்டி அனுப்புகிறீர்களா?” தொழிற்சாலையிலிருந்து வரும் கூர் பல நேரம் ஷேவுக்குப் போதாது. நல்ல பிராண்டு, புதுக் கத்தி, அதனால் கூராகத்தான் இருக்கும் என்று நம்பி முகத்தில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

தாத்தாவின் கத்தி டிரங்குப் பெட்டியில் கிடைத்ததா? விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பை ஒட்டித் துருக்குழிகள் இருந்தாலோ, பெரிய பல் விழுந்திருந்தாலோ அது பெட்டியிலேயே இருக்கட்டும். சரியாக இருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்து, சவரக் கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மனைக்கு அவர் சக்கரம் சரி. சவரக் கத்தியின் மெல்லிய விளிம்பு அந்தச் சூட்டில் பதம் கெட்டு, பிறகு எதற்கும் உதவாமல் போய்விடும்.

3. மற்ற சாமான்கள்

தோல் வார் ஒன்று. பின்பக்கம் கெட்டித் துணிப்பட்டை சேர்ந்தது கிடைத்தால் நல்லது. அகலம் இரண்டரை முதல் மூன்று அங்குலம். முதல் வாரை மலிவாகவே வாங்குங்கள், ஏனென்றால் அதில் எப்படியும் வெட்டு விழும்.

ஷேவிங் பிரஷ், அதோடு வட்ட சோப்போ நுரைக்கும் கிரீமோ. டப்பாவை அமுக்கினால் வருகிற நுரை வேண்டாம். பார்க்கப் பொங்கி நிற்கும், பாதியில் காய்ந்துவிடும், கத்தி வழுக்க ஈரம் இருக்காது.

படிகாரக் கட்டி ஒன்று. வெட்டுக்கு மட்டும் இல்லை, இன்னொரு உபயோகத்தைப் பின்னால் சொல்கிறேன். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில், பருத்தித் துண்டு ஒன்று. பழைய கார்ட்ரிட்ஜ் ரேசரைத் தூக்கிப் போடாதீர்கள், அது இன்னும் சில வாரங்களுக்கு வேண்டும்.

கத்தியை வீட்டில் வேறு யாருடனும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி போன்றவை இரத்தம் வழியே பரவக்கூடியவை. கண்ணுக்குத் தெரியாத கீறலே அதற்குப் போதும்.

4. கத்தியின் கூர்மையைச் சோதிப்பது

கத்தி வீட்டுக்கு வந்ததும் கட்டை விரலை விளிம்பில் தேய்த்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். விரலும் போகும், விளிம்பும் போகும்.

முன்கை முடியில் சோதியுங்கள். தோலைத் தொடாமல், தோலிலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் உயரத்தில் கத்தியை மெதுவாக நகர்த்துங்கள். முடிகள் சத்தமில்லாமல் அறுந்து விழ வேண்டும். விளிம்பின் அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். நடுவில் மட்டும் அறுத்து நுனியில் அறுக்கவில்லை என்றால் தீட்டியவர் வேலை முடியவில்லை என்று அர்த்தம், திருப்பி அனுப்பலாம்.

இந்தச் சோதனையை முதல் நாளே செய்து, எப்படி அறுத்தது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கத்தி பிடித்து இழுக்க ஆரம்பித்தால், குறை கத்தியிலா கையிலா என்று பிரித்துப் பார்க்க இந்த ஒப்பீடுதான் இருக்கும்.

5. தோல் வாரில் இழுக்கப் பழகுதல்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். ஷேவ் செய்யும்போது மெல்லிய விளிம்பு நுண்ணிய அளவில் வளைந்து நெளிகிறது. வாரில் இழுப்பது அதை நிமிர்த்தி வரிசைக்குக் கொண்டுவருகிறது. தப்பாக இழுத்தால் அதே வார் விளிம்பை மடக்கிவிடும். நல்ல கத்தியைக் கெடுக்க பத்து இழுப்பு போதும்.

முதல் ஒரு வாரம் கத்தியைத் தொடாமல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியை வைத்துப் பழகுங்கள். கை அசைவுதான் முக்கியம், கூர் இல்லை.

வாரின் ஒரு முனையைக் கதவுக் கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டி, மறுமுனையை இடது கையால் இழுத்துப் பிடியுங்கள். நடுவில் தொய்வு இருக்கக் கூடாது. தொய்ந்தால் தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து மேலேறும், கூர் உருண்டுவிடும். அதற்காக நரம்பு புடைக்கவும் இழுக்க வேண்டாம்.

கத்தியின் கழுத்தை, அதாவது அலகுக்கும் பிடிக்கும் இடைப்பட்ட பகுதியை, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். அலகைத் தோலில் படுக்க வையுங்கள். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னே போகும், விளிம்பு பின்னால் வரும். விளிம்பு முன்னே போனால் வார் அறுந்துவிடும், அவ்வளவுதான்.

வாரின் கடைசிக்கு வந்ததும் நிறுத்துங்கள். முழுதாக நிற்க வேண்டும். பிறகு முதுகு தோலைவிட்டு எழாமல், விளிம்பு மேலே வரும்படி விரல்களுக்கிடையில் கத்தியை உருட்டி மறுபக்கம் படுக்க வையுங்கள். மணிக்கட்டைத் திருப்பக் கூடாது. இப்போது எதிர்த் திசையில் இழுங்கள். போய் வந்தால் ஒரு சுற்று.

தவறு நடப்பது முக்கால்வாசி இந்தத் திருப்பத்தில்தான். கை இன்னும் முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்த இழுப்புக்குத் தயாராகிவிடும். முதுகு அரை மில்லிமீட்டர் எழும்பும், அந்தக் கணத்தில் விளிம்பு மட்டும் தோலில் இழுபடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. என் நண்பர் ஒருவருக்கு நடந்தது இதுதான். சாயங்காலம் முன்கை முடியைப் பறக்கவிட்ட கத்தி, சலூனில் பார்த்த வேகத்தில் அவர் நாலு இழுப்பு இழுத்ததும் மறுநாள் கன்னத்தில் ஒரு முடியைக்கூட அறுக்கவில்லை. அவர் கத்தியைத்தான் திட்டினார்.

காது கொடுத்துக் கேளுங்கள். சரியாகப் படுத்திருக்கும் கத்தி, போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி மெல்லிய சத்தம் கொடுக்கும். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் அந்தப் பக்கம் முதுகு எழும்புகிறது. அழுத்தம் என்று தனியாக எதுவும் வேண்டாம், கத்தியின் எடையே போதும்.

வார் அலகின் நீளத்தைவிடக் குறுகலாக இருந்தால் நேராக இழுத்தால் நுனிக்கு வார் கிடைக்காது. அடியில் தொடங்கி, இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்தி, நுனியில் முடியுங்கள்.

ஷேவுக்கு முன் துணிப்பட்டையில் 20 சுற்று, தோலில் 40 முதல் 50 சுற்று போதும். வேகம் தானாக வரும், நீங்கள் வரவழைக்க வேண்டாம்.

6. முகத்தைத் தயார் செய்தல்

முதல் ஷேவுக்கு முன் இரண்டு நாள் கார்ட்ரிட்ஜைத் தொடாதீர்கள். பழைய எரிச்சல் அடங்கும், முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரத் தாடி இருந்தால் டிரிம்மரில் குறைத்துவிட்டு வாருங்கள்.

விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகப் போகும் திசைதான் முடியின் போக்கு. சொரசொரப்பது எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில்தான் விளையாட்டு: சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்கு ஒரு பக்கம் சுழி. ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள்.

குளித்துவிட்டு ஷேவ் செய்யுங்கள். நனைந்த முடி மிருதுவாகும், அறுக்கக் குறைந்த விசை போதும். குளிக்கவில்லை என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள்.

பாத்ரூமில் தரையைத் துடைத்துவிடுங்கள். கதவைத் தாழிடுங்கள். குழந்தை உள்ள வீட்டில் பின்னாலிருந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும். கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும் என்று பின்வாங்குங்கள். கத்தியை மாற்றிக்கொள்ளலாம், விரல் நரம்பை முடியாது.

7. நுரை

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. பிரஷைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும், கடைசியில் முகத்தில் ஒரு வெள்ளைப் படலம்தான் மிஞ்சும். சோப்பை மாற்றிப் பயனில்லை. ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துவந்து அதில் பிரஷை நனையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே எரிச்சல் குறைந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரஷை நனைத்து, ஒரு உதறு உதறி, சோப்பில் அரை நிமிடம் சுழற்றுங்கள். கிண்ணத்திலோ முகத்திலோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து அடியுங்கள். முதலில் பெரிய குமிழ்கள் வரும், அடிக்க அடிக்க அடங்கும். கடைந்த தயிர் மாதிரி பளபளப்போடு படிய வேண்டும். கார்ட்ரிட்ஜுக்குப் போடுவதைவிட ஈரம் கூடுதலாகவே இருக்கட்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் விசிறிக்குக் கீழே நுரை சில நிமிடங்களில் காய்ந்துவிடும். காய்ந்த நுரையில் கத்தி தத்திப் போகும். முகம் முழுக்கப் பூசாமல், ஷேவ் செய்யப்போகும் பக்கத்துக்கு மட்டும் பூசிக்கொள்வதும் ஒரு வழி.

8. பிடி, கோணம், இழுப்பு

கத்தியை விரித்து, பிடி மேலே நிற்கும்படி வையுங்கள். கட்டை விரல் கழுத்தின் அடிப்பக்கம், அடுத்த மூன்று விரல்கள் மேல்பக்கம், சுண்டு விரல் கழுத்துக்குப் பின்னால் நீளும் வாலில். இறுக்கிப் பிடித்தால் கோணம் மாறும்போது கைக்குத் தெரியாது. தளர்வாக, ஆனால் சுழலாமல் பிடியுங்கள்.

அலகைக் கன்னத்தில் முழுதாகப் படுக்க வையுங்கள். பிறகு முதுகை மட்டும் அதன் தடிமனில் இரண்டு மடங்கு தூக்குங்கள். ஏறத்தாழ 30 பாகை, அதுதான் கோணம். அதைவிடப் படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். அதைவிட நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும்.

இழுப்பு எப்போதும் விளிம்புக்குச் செங்குத்தாக, ஒரு அங்குலத்துக்கு மிகாமல். விளிம்பு தோலில் பக்கவாட்டில் நகரவே கூடாது. தக்காளி நறுக்கும்போது கத்தி அப்படித்தான் நகர்கிறது, அதனால்தான் அது அறுக்கிறது. தோல்மேல் இருக்கும்போது கத்தியை நிறுத்த வேண்டி வந்தால் நேராக விலக்கி எடுங்கள்.

மறு கை சும்மா இருக்கக் கூடாது. இந்த முறையில் பாதி ஷேவ் செய்வது அந்தக் கைதான். தோல் இழுபட்டு விறைப்பாக இருந்தால்தான் விளிம்பு அதன்மேல் வழுக்கிப் போகும், தொளதொளத்த தோல் விளிம்புக்கு முன்னால் மடிந்து எழும்பி வெட்டுப்படும். நுரையில் விரல் வழுக்குகிறதா? ஈரப் படிகாரத்தை விரல் நுனியில் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடிமானம் கிடைக்கும். முன்னால் சொன்ன இன்னொரு உபயோகம் இதுதான்.

பலூனில் நுரை பூசிப் பழகச் சொல்வார்கள். கை மென்மைக்கு அது நல்லதுதான். ஆனால் பலூன் தானாகவே விறைத்து நிற்கிறது, தோலை இழுத்துப் பிடிக்க அது கற்றுத் தராது.

9. முதல் சில ஷேவ்: கன்னம் மட்டும்

வலது கைக்காரர் என்றால் வலது கன்னத்தில் தொடங்குங்கள். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கிருதாவுக்கு மேலே தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கிருதாவிலிருந்து கீழ்நோக்கி, முடியின் போக்கில், சின்னச் சின்ன இழுப்பாக வாருங்கள். தாடை எலும்புக்கு ஒரு விரல் மேலே நிறுத்திவிடுங்கள்.

இடது கன்னத்துக்கு இரண்டு வழி. வலது கையையே முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகலாம், அல்லது கத்தியை இடது கைக்கு மாற்றலாம். முதலில் இடது கை கேலியாக இருக்கும். ஆனால் குறுக்கே போன வலது கை கண்ணாடியை மறைக்கும், கோணமும் தெரியாது. இப்போதே இடது கைக்குப் பழகிவிடுவது பின்னால் லாபம்.

சில இழுப்புக்கு ஒருமுறை கத்தியில் சேர்ந்த நுரையை ஈரத் துண்டில் துடையுங்கள், முதுகிலிருந்து விளிம்பு நோக்கி. குழாயடியில் கழுவப் போனால் விளிம்பு குழாய் வாயில் இடிக்கும். ஒரு இடி போதும், பல் விழுந்துவிடும்.

இரண்டு கன்னமும் முடிந்ததா? சரி, கத்தியை வையுங்கள். மீதியைக் கார்ட்ரிட்ஜில் முடியுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கன்னம் வெட்டில்லாமல் வந்த உற்சாகத்தில் அப்படியே மோவாய்க்குப் போவார்கள், அங்கே வாங்கிக்கொண்டு வருவார்கள். கன்னம் தொடர்ந்து நாலைந்து முறை எரிச்சலில்லாமல் வந்த பிறகுதான் அடுத்த இடம்.

10. தாடை விளிம்பும் கழுத்தும்

தாடை எலும்பின் மேட்டில் கத்தி நேராக ஏறி இறங்கக் கூடாது. தோலை மேலே இழுத்து, எலும்புக்குக் கீழே இருக்கும் தோலைக் கன்னப் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். இப்போது மேடு இல்லை, தட்டையான இடத்தில்தான் ஷேவ் செய்கிறீர்கள்.

கழுத்துக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். குரல்வளை மேட்டில் எச்சில் விழுங்குவது போலச் செய்து, தோலை ஒரு பக்கமாக நகர்த்தி, சமமான இடத்தில் ஷேவ் செய்யுங்கள். இங்கே வரைந்து வைத்த அம்புக்குறிகளைப் பாருங்கள். கழுத்தில் வரும் சிவந்த பொரிப்புகளுக்குக் காரணம் பெரும்பாலும் போக்குக்கு எதிராக இழுத்ததுதான்.

11. மோவாயும் மேலுதடும்

கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே முடி கெட்டி, வளைவு அதிகம், கத்திக்கு இடம் குறைவு. கீழுதட்டைப் பற்களுக்கு மேல் மடித்து உள்ளே இழுத்தால் மோவாய் விறைக்கும். இழுப்பு அரை அங்குலம் போதும். முடி பிடித்து இழுத்தால் பலம் கொடுக்காதீர்கள். நுரையை மறுபடி பூசி, கோணம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலுதட்டுக்கு மூக்கு நுனியை மெதுவாக மேலே தூக்கிக்கொண்டு, கீழ்நோக்கி வாருங்கள். உதட்டு ஓரத்தில் கத்தியின் நுனி எங்கே இருக்கிறது என்பதிலேயே கண் இருக்கட்டும். மீசை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையில் பாதி இல்லை.

12. இரண்டாவது சுற்று

முதல் மாதம் ஒரே சுற்றோடு நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜ் தந்த மழமழப்பு வராது, மாலையில் கையில் கொஞ்சம் உரசும். வரட்டும். அந்த மழமழப்பைத் துரத்தித்தான் புதியவர்கள் ஒரே இடத்தில் நாலு முறை இழுக்கிறார்கள்.

கை படிந்த பிறகு, புதிதாக நுரை பூசி, போக்குக்குக் குறுக்கே ஒரு சுற்று போகலாம். எதிர் ஷேவ் அதற்கும் பின்னால். சுருட்டை முடிக்காரர்கள் எதிர் ஷேவை விட்டுவிடுவது நல்லது. தோலுக்குக் கீழே வரை அறுபட்ட சுருட்டை முடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வளைந்து கட்டியாகும்.

13. வெட்டும் எரிச்சலும்

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, படிகாரத்தை ஈர முகத்தில் தடவி அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது. அடுத்த முறை அந்த இடத்தைக் கவனியுங்கள்.

ஊசிமுனை அளவு இரத்தத்துக்குப் படிகாரமே போதும். நீளமாக அறுபட்டால் சுத்தமான துணியை அழுத்தி, இடையில் எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் பிடித்திருங்கள். நிற்கவில்லை என்றால், அல்லது காயம் பிளந்திருந்தால், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முகம் முழுக்க ஒரே மாதிரி எரிந்தால் நுரையையும் கத்தியின் கூர்மையையும் சந்தேகியுங்கள். ஒரே இடத்தில் மட்டும் எரிந்தால் கோணம் அல்லது போக்கு. மெல்லிய கோடாக வெட்டு விழுந்தால் கத்தி பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது.

14. கத்தியைக் காயவைத்தல்

அலகை மட்டும் நீரில் அலசுங்கள், பிடிக்குள் தண்ணீர் போகக் கூடாது. உள்ளே தங்கும் ஈரம் ஆணியைச் சுற்றித் துருவாகும். துண்டால் முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, துணிப்பட்டையில் பத்துச் சுற்று இழுத்து, விரித்தபடி கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். பிறகு ஒரு சொட்டு மிஷின் எண்ணெயை அலகில் தடவி மடியுங்கள். அடுத்த ஷேவுக்கு முன் அதைத் துடைத்துவிட்டுத்தான் வாரில் வைக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குச் சரி. நாளானால் பிசுக்குப் பிடிக்கும், அந்தப் பிசுக்கு வாரில் ஏறும்.

பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள். படுக்கையறை பீரோவில், குழந்தைக்கு எட்டாத தட்டில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

15. கூர் குறையும்போது

வாரில் சரியாக இழுத்தும், நுரை நன்றாக இருந்தும் கத்தி முடியைப் பிடித்து இழுத்தால், முன்கைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முதல் நாள் மாதிரி அறுக்கவில்லையா? குரோமியம் ஆக்சைடு பச்சைப் பசை தடவிய தனி வாரில் பத்துச் சுற்று இழுத்தால் பல நேரம் கூர் திரும்பிவிடும். வழக்கமான வாரில் அந்தப் பசையைப் பூசிவிடாதீர்கள், அப்புறம் அது தினசரி உபயோகத்துக்கு ஆகாது.

அதற்கும் வரவில்லை என்றால் கல். நன்றாகப் பராமரித்த கத்திக்குப் பல மாதங்களுக்கு ஒருமுறைதான் இது வேண்டிவரும். 1000 கிரிட் (இந்த எண் கூடக் கூடக் கல் நயமாகும்) கல்லில் அடிப்படைக் கூர், 4000, 8000 கற்களில் படிப்படியாக நயம், விருப்பப்பட்டால் 12000 கல்லில் மெருகு. சமையலறைக் கத்திக்கு விற்கும் கரடுமுரடான கல்லோடு இதைத் தொடங்கக் கூடாது. கல்லில் விளிம்பு முன்னே போகும், வாருக்கு நேர் எதிர். பழகும் கத்தியாகப் பழைய மலிவுக் கத்தி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் முகத்தில் வைக்கும் ஒரே கத்தியில் கற்றுக்கொள்ள முயலாமல், தெரிந்தவரிடம் அனுப்பித் தீட்டி வாங்குவதே மலிவு.

வெளியூர் போகும்போது ஒரு விஷயம்: விமானத்தில் கைப்பையில் சவரக் கத்தியை அனுமதிக்க மாட்டார்கள், ஷேவெட்டும் அப்படியே. செக்-இன் பெட்டிக்குள் உறையிட்டு வைக்க வேண்டும். இரண்டு நாள் பயணம் என்றால், அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய கார்ட்ரிட்ஜை எடுத்துப் போவதே சுலபம். மறக்காமல், அழுத்தாமல் ஷேவ் செய்யுங்கள்.